முழுசா முங்கணும்

எங்க சபையில பத்தொன்பது வயசுப் பயலுக்கு மூப்பர்னு பட்டம். மீசை ஒழுங்கா அரும்பலை, மீன்ல முள்ளு எங்க இருக்குன்னு தெரியலை, ஆனா வெள்ளைச் சட்டைப் பையில கறுப்பு வில்லை குத்தியிருக்கும்: மூப்பர் ஹாட்லாக். எழுபது வயசுக் கிழவிகூட அவனை அப்படித்தான் கூப்பிடணும். முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. வாயைக் கைத்துண்டால பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டேன்.

அமெரிக்காவுல ஐடஹோங்கற மாநிலத்துல உருளைக்கிழங்கு விவசாயி மகன். ரெண்டு வருஷம் ஊழியம் பண்ணிட்டு வான்னு எங்க சமார் தீவுக்கு அனுப்பி வச்சிருந்தாங்க. ஒல்லின்னா அப்படி ஒரு ஒல்லி. வெயில்ல நடந்து நடந்து கழுத்துவரைக்கும் இறால் வெந்த நிறம், சட்டைக்குள்ள பால் நிறம். அவனுக்குத் துணை அக்பயானி. எங்க நாட்டுலயே வடக்க இலோகோஸ்காரன், ஒரு வயசு மூத்தவன், எதுக்கும் அலட்டிக்க மாட்டான். ரெண்டு பேரும் எந்நேரமும் கண்ணுக்கெட்டுற தூரத்துலதான் இருக்கணும். அது அவங்க சட்டம். ஒருத்தன் கழிப்பறைக்குப் போனா இன்னொருத்தன் கதவுக்கு வெளிய நின்னு கொசு அடிப்பான்.

சபைக் கூடத்துக்கு எதிர்ல என் சாப்பாட்டுக் கடை. புருஷன் போய்ச் சேர்ந்துட்டார், நான் ஒத்தை ஆள். அதனால அவங்க உள்ள வந்து உட்கார மாட்டாங்க. பெண்பிள்ளை தனியா இருக்குற வீட்டுக்குள்ள போகக் கூடாதாம். மழை கொட்டுனாலும் வாசல் பெஞ்சுதான்.

"என்னடா, உங்களைக் கடிச்சுத் தின்னுடுவேனா?"ன்னு கேப்பேன்.

"சட்டம், அத்தே"ன்னு சொல்லுவான் ஹாட்லாக். காது ரெண்டும் சிவந்துடும். மழை சோத்துல விழும். அவன் பாட்டுக்குத் தின்பான்.

காலையில ஆறரைக்கு எழுந்து, ஜெபம் பண்ணி, வேதம் படிச்சு, எங்க வாராய் பேச்சையும் மனப்பாடம் பண்ணிட்டு, வெயில் ஏறுனதும் கிளம்புவாங்க. அப்புறம் கதவு கதவா தட்டணும். "என்ன விக்கிறீங்க?"ன்னு ஒருத்தி கேப்பா. "எங்களுக்கு மாதா இருக்கா, போயிட்டு வாங்க"ன்னு இன்னொருத்தி சொல்லுவா. சின்னப் பசங்க "ஏய் ஜோ! ஏய் ஜோ!"ன்னு பின்னாலயே ஓடுவாங்க, வெள்ளைக்காரன் எவனா இருந்தாலும் இங்க ஜோதான். நாய்ங்க சும்மா விடுமா? அவன் கால்சட்டையில நான் போட்ட ஒட்டு எத்தனைன்னு எனக்கே தெரியாது. வாரத்துல திங்கக்கிழமை மட்டும் அவங்க துணி துவைக்கலாம், காய்கறி வாங்கலாம், வீட்டுக்குப் பேசலாம். என் பெஞ்சுல உட்கார்ந்துதான் பேசுவான். போன்ல அம்மா முகம் தெரிஞ்சதும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். பேசி முடிச்சதும் என் தண்ணித்தொட்டிகிட்ட போய் ரொம்ப நேரம் முகம் கழுவுவான். நான் அந்தப் பக்கம் பார்க்காம பாத்திரம் தேய்ப்பேன்.

வந்து மாசக்கணக்காச்சு, ஒரு ஆளுக்குக்கூட அவன் கையால ஞானஸ்நானம் ஆகலை. பாடம் கேட்டுக்கிட்டிருந்தவங்கல்லாம் கடைசி நேரத்துல நழுவிடுவாங்க. அப்பதான் எங்க அண்ணன் அவனுக்கு மாட்டுனார். இல்ல, அண்ணனுக்கு அவன் மாட்டுனான்னு சொல்லணும்.

எங்க அண்ணன் பேரு தியோபிலோ. பிலோன்னுதான் கூப்பிடுவாங்க. மூணு சக்கர மிதிவண்டி ஓட்டுறவர். கடல் ஊருக்குள்ள வந்த அந்தப் புயல் அன்னிக்கு, அவரும் அண்ணி எஸ்தெலாவும் பள்ளிக்கூடத்து உத்தரத்தைப் பிடிச்சுத் தொங்கியிருக்காங்க. தண்ணி தலைக்கு மேல போயிருக்கு. அண்ணன் ஒரு கையால உத்தரத்தையும் இன்னொரு கையால அண்ணியையும் பிடிச்சிருந்தார். தண்ணி வடிஞ்சப்ப அண்ணி கையில இல்லை. உடம்பும் கிடைக்கலை. அதுக்கப்புறம் அண்ணன் தலைக்குத் தண்ணி ஊத்துனதே இல்லை. கழுத்துக்குக் கீழதான் குளிப்பார். தலையை ஈரத்துணியால துடைச்சுக்குவார். மழை பேஞ்சா வண்டியை நிறுத்திட்டு எங்கயாவது ஒதுங்கிடுவார். மீதி நேரமெல்லாம் கள்ளு.

நான் சபையில சேர்ந்தப்ப அவர் அடிச்ச கிண்டல் கொஞ்சமா? "கள்ளும் கூடாது, காப்பியும் கூடாது. அப்புறம் அங்க என்னத்தைடி குடிக்கிறீங்க, பிஷப்போட பிரசங்கத்தையா?"ன்னு தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கத்துவார். பையனுங்களைப் பார்த்தா "வாங்கடா தாத்தாக்களா"ன்னு கும்பிடுவார்.

ஒரு நாள் ரோட்டோரமா வண்டிக்குள்ளயே சுருண்டு கிடந்திருக்கார். குடிச்சுட்டுக் கிடக்கிறார்னு ஊர்க்காரன் அத்தனை பேரும் தாண்டிப் போயிருக்கான். ஹாட்லாக் போய் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா அனலாக் கொதிக்குது. டெங்கு. ஹாட்லாக் ஏறி உட்கார்ந்து மிதிச்சிருக்கான் பாருங்க! அவனுக்கு அந்த வண்டி ஓட்டத் தெரியாது. அக்பயானியாவது இறங்கித் தள்ளுனானா? மாட்டான். ஒருத்தன் வண்டியில, இன்னொருத்தன் பின்னால நடந்து வந்தா கண்ணுக்கெட்டாமப் போயிடுமாம். அவனும் உள்ள உட்கார்ந்து அண்ணனை மடியில தாங்கிக்கிட்டான். மூணு பேர் பாரத்தோட, டை தோள்மேல பறக்க, அந்தக் குச்சிப் பையன் மேட்டுல நின்னுக்கிட்டே மிதிச்சுச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். சந்தையே வேடிக்கை பார்த்துச்சு. அங்க போய் இறங்குனதும் வாந்தி எடுத்தானாம்.

அண்ணன் பிழைச்சு வந்ததும் என் பெஞ்சுல அவங்க பக்கத்துல உட்கார ஆரம்பிச்சார். முதல்ல சும்மா உட்கார்ந்திருப்பார். அப்புறம் கேள்வி கேக்க ஆரம்பிச்சார். ஒரு நாள் ஹாட்லாக் சொன்னான், ஞானஸ்நானம் ஆகி ஒரு வருஷம் கழிச்சு செபுவுல இருக்குற கோயிலுக்குப் போகலாம், செத்துப்போன பொண்டாட்டியோட அங்க முத்திரை போட்டுக்கலாம், அதுக்கப்புறம் சாவுகூட ரெண்டு பேரையும் பிரிக்காதுன்னு.

அண்ணன் கையில இருந்த சோத்தைக் கீழ வச்சார். "அவ உடம்பே கிடைக்கலையே, தம்பி. பரவாயில்லையா?"

பையனுக்கு எங்க பேச்சு அவ்வளவா வராது. ரொம்ப நேரம் தேடிட்டு, "பரவாயில்ல, பெரியப்பா. பேர் போதும்"னான்.

அன்னிக்கே கள்ளை விட்டார். சிகரெட்டை விட்டார். ஆனா ஞானஸ்நானம்னா சும்மா நெத்தியில தண்ணி தெளிக்கிறது இல்லை எங்களுக்கு. ஆள் முழுசா தண்ணிக்குள்ள முங்கணும். தலைமுடி நுனியோ, கால் கட்டைவிரலோ, உடுப்போட ஓரமோ வெளிய தெரிஞ்சாக்கூட அது செல்லாது, திரும்பவும் முங்கணும். அதைப் பார்த்துச் சொல்ல ரெண்டு பக்கமும் ரெண்டு சாட்சி நிக்கணும். அண்ணன் இந்த விஷயத்தைக் கேட்டதும் வெளிறிப் போயிட்டார். "சரி. ஆனா ஒண்ணு. இந்தப் பையன்தான் என்னை முக்கணும். வேற ஒருத்தன் கை என்மேல படக்கூடாது"ன்னு சொல்லிட்டார். அதுக்கு ஒரு சனிக்கிழமை குறிச்சாங்க. அந்த வாரம் திங்கக்கிழமைதான் மேலிடத்துலேருந்து சேதி வந்துச்சு: சனிக்கிழமை போய் வர்ற புதன்கிழமை ஹாட்லாக்குக்கு வேற தீவுக்கு மாத்தல்.

ஆக, விட்டா அந்த ஒரு சனிக்கிழமைதான்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து ஊர்க் குழாயில தண்ணி நின்னு போச்சு. விடிஞ்சதுலேருந்து ரெண்டு பேரும் கூடத்துல ஞானஸ்நானத்துக்குன்னே படி வச்சுக் கட்டியிருக்குற தொட்டியை நிரப்பிக்கிட்டு அது பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. தண்ணி இருக்குற தொட்டியைத் தனியா விட்டுட்டு வரக் கூடாது. குழந்தை எதாவது விழுந்துடும். முட்டிக்குக் கீழ வந்ததும் குழாய் கொர்ருன்னு காத்தைத் துப்புச்சு, அவ்வளவுதான். அடிபம்புலேருந்து வாளி வாளியா நாங்க எல்லாரும் சுமந்து ஊத்துனோம். தொடை அளவுக்குக்கூட வரலை. ஆழமான தண்ணியில ஆளைச் சாய்ச்சு எடுக்கிறது சுலபம். இதுல கீழ உட்கார வச்சுப் படுக்கப் போட்டுத்தான் முக்கணும்.

"அடுத்த சனிக்கிழமை வச்சுக்கலாமே, பிலோ"ன்னார் எங்க சபையை நடத்துற பிஷப். நல்ல மனுஷன், பிழைப்புக்குப் பள்ளிக்கூட வாத்தியார்.

"அடுத்த சனிக்கிழமை இந்தப் பையன் எங்க இருப்பான்?"னு கேட்டார் அண்ணன். வெள்ளை உடுப்பு போட்டு நின்னுக்கிட்டிருந்தார். பல்லு கடகடன்னு அடிச்சுக்குது. குளிரே இல்லை.

ஒரு பக்கம் சாட்சியா அக்பயானி, இன்னொரு பக்கம் நான். இப்பல்லாம் பொம்பளைங்களும் சாட்சி நிக்கலாம். தம்பட்டம் அடிக்கலை, எனக்குக் கண்ணு பருந்துக் கண்ணு. சோத்துல ஒரு கல் இருந்தா எடுத்துடுவேன். அதனாலதான் பிஷப் என்னைக் கூப்பிட்டார். சந்தோஷமா ஒத்துக்கிட்டேன், முட்டாள் மாதிரி.

ஹாட்லாக் அண்ணனைத் தண்ணிக்குள்ள உட்கார வச்சான். தானும் மண்டி போட்டான். ஒரு கையைத் தூக்கி, "தியோபிலோ அமிஸ்தோசோ"ன்னு முழுப்பேரையும் சொல்லி, மந்திரம் மாதிரி எழுத்துப் பிசகாம ஜெபத்தைச் சொன்னான். ஒரு வார்த்தை தப்புனாலும் மறுபடி சொல்லணும், அவன் தப்பலை. மெதுவா சாய்ச்சான். காதுல தண்ணி பட்டதுதான் தாமதம், அண்ணன் அலறுனார் பாருங்க! கையையும் காலையும் உதறிக்கிட்டு எழுந்தார். முழங்கை பட்டு ஹாட்லாக் உதடு கிழிஞ்சு போச்சு.

"முட்டி ரெண்டும் வெளிய"ன்னான் அக்பயானி. அதைச் சொல்ல சாட்சியே தேவையில்லை.

"இன்னொரு தடவை"ன்னார் அண்ணன், மூச்சு வாங்கிக்கிட்டே. "இந்தத் தடவை அமுக்குடா. நான் என்ன கத்துனாலும் அமுக்கு."

மறுபடி ஜெபம். பையன் உதட்டு ரத்தம் தண்ணியில சொட்டுது. சாய்ச்சான். அமுக்குனான். அண்ணன் தலை போச்சு, நெஞ்சு போச்சு, முட்டி போச்சு. இருமிக்கிட்டு எழுந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி ஓன்னு அழுதார். பின்னால நாற்காலியில இருந்தவங்கல்லாம் கை தட்டிட்டாங்க. ஒருத்தி பாட்டுகூட எடுத்துட்டா. அக்பயானி "சரி"ன்னு தலையாட்டுனான். ஹாட்லாக் தோள் மறைச்சதால அவனுக்குத் தெரிஞ்சிருக்காது.

நான் பார்த்தேன். அண்ணனோட இடது கை. எல்லாம் உள்ள போனப்ப அது மட்டும் இறுக்கி மூடி மேல நின்னுச்சு. கட்டைவிரல் முழுசா வெளிய.

எல்லாரும் என்னைப் பார்க்குறாங்க. சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்? அந்த மனுஷன் பட்ட பாடு போதாதா? வாயை மூடுடி செலிங்னு எனக்குள்ள ஒருத்தி கெஞ்சுறா. ஆனா எஸ்தெலா அண்ணி என்னை வளர்த்தவ. அரைகுறையா ஒரு டிக்கெட்டைக் குடுத்து அவகிட்ட இவரை அனுப்பி வைக்கிறதா? வழியில நிறுத்திட்டா?

"கட்டைவிரல்"னேன்.

பாட்டு நின்னு போச்சு.

"அடிப் பாவி! நீ என் கூடப் பொறந்தவதானா?"ன்னார் அண்ணன்.

"கூடப் பொறந்ததாலதான் சொல்றேன். வேற ஒருத்தியா இருந்தா கை தட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பா!"

அண்ணன் மூஞ்சித் தண்ணியை வழிச்சு எறிஞ்சார். தொட்டியோட படிக்கட்டைப் பிடிச்சு எழுந்தார். ஒரு கால் படியில வச்சாச்சு. "போதும்டி. என்னால ஆகாது. இன்னிக்கு வீட்டுக்குப் போனா நேரா கள்ளுக்கடைதான் போவேன், எனக்கு என்னைத் தெரியும். எஸ்தெலா மன்னிச்சுக்கட்டும்."

பிஷப் ஹாட்லாக்கைப் பார்த்தார். அவன் தண்ணியில உட்கார்ந்து கையை விரிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தான். "இனி அமுக்க மாட்டேன்"னான். "என் கைக்குக் கீழ அவர் நெஞ்சு எப்படி அடிச்சுது தெரியுமா? கொலை பண்ற மாதிரி இருந்துச்சு. என்னால முடியாது."

நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் வாயால வந்த வினைதானே. அண்ணன் ரெண்டாவது படியும் ஏறிட்டார். இன்னும் ஒரு படிதான்.

"பெரியப்பா."

அண்ணன் திரும்பலை.

"பெரியப்பா, நானும் வர்றேன்."

"எங்கடா?"

"கீழ. உங்களோட."

ஹாட்லாக் பிஷப்பைப் பார்த்துக் கேட்டான்: முக்குறவனும் சேர்ந்து முங்கக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா? பிஷப் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், போட்டார், மறுபடி கழட்டினார். "அவர் முழுசா முங்கணும்னுதான் இருக்கு. நீ நனையக் கூடாதுன்னு எங்கயும் இல்லை"ன்னார்.

அண்ணன் அங்கயே நின்னார். வெளிய ஒரு வண்டிக்காரன் மணி அடிச்சுட்டுப் போனது கேட்டுச்சு. அப்புறம் ஒரு படி இறங்குனார். இன்னொரு படி இறங்குனார்.

பையன் ஜெபத்தைச் சொல்லி முடிச்சான். குரல் கிழிஞ்ச துணி மாதிரி இருந்துச்சு, வார்த்தை மட்டும் தப்பலை. அண்ணனோட ரெண்டு கையையும் தன் கையில கோத்துக்கிட்டான். மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வச்சு, "மூச்சு இழுங்க, பெரியப்பா"ன்னான். அண்ணன் இழுத்தார். அவனும் இழுத்தான். ரெண்டு பேரும் ஒண்ணா பக்கவாட்டுல சாஞ்சாங்க. நரைச்ச தலையும் செம்பட்டைத் தலையும் சேர்ந்தே உள்ள போச்சு.

அய்யோ, அந்த நேரம்! தண்ணி மேல ஒண்ணுமே இல்லை. அலறல் இல்லை, உதறல் இல்லை. கொஞ்சம் குமிழி மட்டும் வந்துச்சு. நான் என்னத்தைச் சொல்ல. புயலுக்கு அப்புறம் இத்தனை வருஷமா வராத அழுகை அப்பத்தான் வந்து தொலைஞ்சுது. எனக்கு முன்னால தொட்டி, கம்பி, வெள்ளை உடுப்பு எல்லாம் ஒண்ணாக் கலங்கிப் போச்சு.

ரெண்டு பேரும் எழுந்தாங்க. அண்ணன் மூக்கால தண்ணி விட்டுக்கிட்டு முழிக்கிறார். அக்பயானி சத்தமா, சந்தோஷமா, "சரி! முழுசா!"ன்னான். இந்தத் தடவை ஒருத்தரும் கை தட்டலை. எல்லாரும் என் வாயைப் பார்த்தாங்க.

"என்னடி?"ன்னார் அண்ணன்.

"நான்... பார்க்கலை, அண்ணே."

"என்னது?"

"அழுதுட்டேன். கண்ணு மறைச்சுடுச்சு. எதுவுமே தெரியலை."

பிஷப் அப்படியே தலையில கை வச்சுக்கிட்டார். ரெண்டு சாட்சியும் பார்த்திருக்கணுமே. ஹாட்லாக் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். நான் அந்த இடத்துலயே செத்துடலாமான்னு பார்த்தேன். தொலைச்சேன், எல்லாத்தையும் நானே தொலைச்சேன், இவர் இப்ப ஏறிப் போகப்போறார், என் காலம் முழுக்க என் முகத்துல முழிக்க மாட்டார்.

அண்ணனுக்குத் தோள் குலுங்குச்சு. மறுபடி அழுறார்னு நினைச்சேன். சிரிக்கிறார்! இடுப்பளவுத் தண்ணியில உட்கார்ந்துக்கிட்டு, ஈரத்தலையைக் கோதிவிட்டுக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுச் சிரிக்கிறார்.

"பருந்துக் கண்ணாம் பருந்துக் கண்ணு! மூஞ்சியைத் துடைடி, கழுதை. துடைச்சுட்டு ஒழுங்கா பாரு. இன்னொரு தடவை போறேன்."

ஹாட்லாக் அவசரமா மூச்சை இழுத்துக்கிட்டு அவர் கையைப் பிடிக்க வந்தான். அண்ணன் வேண்டாம்னு தலையாட்டுனார். "நீ ஜெபத்தை மட்டும் சொல்லு. முதுகுல ஒரு கை வச்சா போதும்."

அவன் சொன்னான். நான் கைத்துண்டால கண்ணை அழுத்தித் துடைச்சுட்டு, இமைக்காம நின்னேன். எங்க அண்ணன் தானா மல்லாந்து படுத்தார். காது, நெத்தி, மூக்கு, மூடுன கண்ணு, ஒவ்வொண்ணா உள்ள போனதைப் பார்த்தேன். முட்டி போச்சு. இடது கையைப் பார்த்தேன். அது விரிஞ்சு, தண்ணிக்கு அடியில, அவர் தொடை மேல சும்மா கிடந்துச்சு.

"முழுசா!"ன்னு கத்துனேன். "முழுசா போயிட்டார்! நான் பார்த்தேன்!"

அவர் எழுந்திருக்கலை. அவசரமே இல்லாம இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே இருந்தார்.